சிடி100-ஐயும் எஃப்இசட்டையும் சரிவில் வைத்து அளந்து பார்த்தது

மச்சான் கட்டாருக்குப் போவது உறுதியானதும் அவருடைய யமஹா எஃப்இசட்டை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. "வெளியாளுக்குக் குடுக்க மனசில்ல மச்சான், நீங்களே எடுத்துக்குங்க. காசு மெதுவாத் தாங்க" என்றார். என்னிடம் இருப்பது பஜாஜ் சிடி100. இலங்கை மலைநாட்டில் ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டி, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு அதில்தான் போய் வருகிறேன். விலை, எரிபொருள், உதிரிப்பாகம் எல்லாம் தெரிந்த கணக்கு. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: 5 அடி 4 அங்குலம் உயரமும் 74 செ.மீ கால் நீளமும் உள்ள என் உடம்புக்கு, இந்த ரோட்டில், எந்த பைக் பொருந்தும்? இரண்டையும் வாசலில் நிறுத்தி, டேப், ரசமட்டம், சோக்குக்கட்டி எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

புத்தகக் கணக்கில் இரண்டும் வேறு வேறு சாதி. முதல் தலைமுறை எஃப்இசட் 153 சிசி, எடை 137 கிலோ, சீட் உயரம் 790 மி.மீ, இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையில் 1,335 மி.மீ. பின் டயர் 140/60-17. முன்னால் டிஸ்க் பிரேக். சிடி100 சுமார் 100 சிசி, நாலு கியர், எடை 110 கிலோவுக்குள், அச்சு இடைவெளி 1,235 மி.மீ, மெலிந்த டயர்கள், இரண்டு பக்கமும் ட்ரம் பிரேக். விற்பனைக் கடையில் ஏறி உட்கார்ந்து பார்க்கும்போது நாம் கவனிப்பது சீட் உயரத்தைத்தான். கடைத் தரை சமதரை. நம் ஊரில் அப்படி ஓர் இடத்தில் பைக்கை நிறுத்துவது அபூர்வம் என்பதால் கடையில் கிடைக்கும் பதில் எனக்கு உதவாது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ரோட்டின் நடு முதுகு உயர்ந்து இரு ஓரமும் கானை, அதாவது ஓர வடிகாலை, நோக்கிச் சரிந்திருக்கும். ஏற்றத்தில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்கும்போது வலது கால் பின் பிரேக்கில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பின்னால் உருளும். அப்போது தரையில் ஊன்றக் கிடைப்பது இடது கால் மட்டும். அந்தப் பக்கம்தான் தரை தாழ்ந்தும் கிடக்கிறது. ஆகவே மலைநாட்டில் சீட் உயரம் என்பது உண்மையில் சீட்டுக்கும் இடது ஓரத் தரைக்கும் உள்ள தூரம்.

அதை அளக்க ஒரு வழி செய்தேன். நான் வழக்கமாக நிற்கும் இடங்களில் ஒரு மீட்டர் நீளச் சட்டத்தைக் குறுக்காக வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்கி, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அடிமட்டத்தால் பார்த்தேன். பஸ் நிறுத்தத்து ஓரத்தில் மீட்டருக்கு 6 செ.மீ. பாடசாலை வாசலில் 9. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) திரும்பும் கொங்கிரீட் வளைவில் 14. நான் காலை ஊன்றுவது பைக்கின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 35 செ.மீ தள்ளி. அப்படியானால் அந்த இடங்களில் என் கால் இரண்டு, மூன்று, ஐந்து செ.மீ கூடுதலாக இறங்க வேண்டும்.

இதையே வாசலில் சமதரையில் செய்து பார்க்கலாம். இரண்டு சக்கரத்துக்கும் அடியில் ஓர் அங்குலப் பலகை ஒன்று வைத்தால் நமக்குத் தரை ஓர் அங்குலம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மச்சான் பின்னால் கரியரைப் பிடித்துக்கொள்ள நான் ஏறினேன். சிடி100-ல் பலகை இல்லாமல் இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்தன. ஒரு பலகையில் குதிகால் லேசாக எழும்பியது. இரண்டு பலகையிலும் முன்பாதத்தால் ஊன்றி வண்டியைத் தாங்க முடிந்தது. எஃப்இசட்டில் பலகை இல்லாமலேயே முன்பாதம்தான். ஒரு பலகையில் விரல் நுனி. இரண்டில், ஒரு பக்கம் சாய்ந்தால்தான் கால் எட்டியது. சாய்ந்த 137 கிலோவை விரல் நுனியால் நிமிர்த்த என்னால் ஆகவில்லை.

790 மி.மீ ஒன்றும் பெரிய உயரமில்லை. சங்கதி சீட்டின் அகலத்தில் இருக்கிறது. எஃப்இசட்டின் சீட் டாங்கோடு சேரும் இடத்தில் பரந்து கிடக்கிறது. தொடை வெளிப்பக்கமாக விரிந்துதான் கீழே இறங்க வேண்டும், கால் நீளத்தில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடுகிறது. சிடி100-ன் சீட் முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால் கால் நேராக விழுகிறது. பைக் வாங்கப் போகிறவர்கள் டேப்பைச் சீட்டிலிருந்து தரைக்குச் செங்குத்தாகப் பிடிக்காமல், ஒரு பக்கத் தரையிலிருந்து சீட்டின் மேல் வளைந்து மறுபக்கத் தரை வரை பிடித்துப் பாருங்கள். அந்த நீளத்தில் பாதிதான் உங்கள் கால் நீளத்தோடு ஒப்பிட வேண்டிய அளவு.

இந்தக் கட்டத்தில் சிடி100-தான் என்று முடிவெடுத்திருப்பேன். ஆனால் எனக்கு நெடுநாளாக ஒரு தொல்லை உண்டு. ஏ7 வீதியில் தியகலை வழியாகக் கினிகத்தேனைக்கு இறங்கி, அப்படியே கித்துல்கலை வரை போனால், இறங்கி முடிக்கும்போது இரண்டு மணிக்கட்டும் கடுக்கும். சிடி100-ல் முதுகு நிமிர்ந்துதான் இருக்கிறது. ஹேண்டில் உயரம், ஃபுட்ரெஸ்ட் முன்னால், முழங்கால் அதிகம் மடங்குவதில்லை. இதைவிடச் சொகுசான இருப்பு வேறில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எஃப்இசட்டில் உடம்பு முன்னால் சாயும், ஃபுட்ரெஸ்ட் பின்னால் தள்ளியிருக்கும், கால் கூடுதலாக மடங்கும். அதில் கை இன்னும் மோசமாகக் கடுக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அதே இறக்கத்தில் இறக்கினேன்.

கடுக்கவில்லை. திரும்பி ஏறி, இன்னொரு நாள் மழையிலும் இறங்கிப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

காரணம் டாங்க். எஃப்இசட்டின் டாங்க் மேலே அகன்று, முழங்கால் வரும் இடத்தில் உள்வாங்கியிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சரிந்தால் முழங்கால் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது, தொடை தாங்கிக்கொள்கிறது. சிடி100-ன் டாங்க் மெலிந்தது. முழங்கால் காற்றில் நிற்கிறது, பிடிக்க ஒன்றுமில்லை. எதில் நிற்பது என்று உடம்பு தேடிக் கடைசியில் கையில் நிற்கிறது.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். நூற்றுக்குப் பத்து சரிவில் இறங்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்னோக்கித் தள்ளும். உடுப்பு, மழைக்கோட்டு, பை சேர்த்து 65 கிலோ என்றால் ஆறரைக் கிலோ. வேகம் மாறாமல் இறங்கினாலே அவ்வளவு. வளைவுக்கு முன்னால் சாதாரணமாகப் பிரேக் பிடித்தால் அதன் மேல் இன்னும் இரண்டு மூன்று மடங்கு சேரும். இருபது கிலோவுக்கு மேல் ஒரு பாரம், ஒவ்வொரு வளைவிலும், உள்ளங்கையில் வந்து விழுகிறது. முதுகு நிமிர்ந்திருந்தாலும் குனிந்திருந்தாலும் இந்தப் பாரம் ஒன்றுதான். அதை யார் சுமப்பது என்பதே கேள்வி. சமதரை ஊர்களில் நிமிர்ந்த இருப்பு கைக்கு ஓய்வு தரும், அது சரி. இறக்கத்தில் கைக்கு ஓய்வு தருவது முழங்கால் பிடி.

இதைக் கண்டுகொண்ட பிறகு எஃப்இசட்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும் என்று அதன் குறைகளைச் சரிசெய்ய முயன்றேன். கழற்றி மாட்டக் கூடிய வேலைகள் மட்டும்; சீட்டை வெட்ட மச்சானின் பைக்கில் எனக்கு உரிமையில்லை.

முதலில் ஹேண்டில். எஃப்இசட்டின் ஹேண்டில் என் தோளுக்கு அகலம் அதிகம். நேர் ரோட்டில் தெரியாது. இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவில் நடை வேகத்தில் ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது வலது பிடி எங்கோ முன்னால் போய்விடுகிறது, கை நீட்டி, தோளும் கூடவே போகிறது. எக்சிலேட்டர் அந்தக் கையில்தானே இருக்கிறது! நீட்டிய கையால் எக்சிலேட்டரை மெல்லத் திருக முடியாது. வண்டி இழுத்து இழுத்துப் போகும், அதுவும் ஏற்றத்தில் ஆளை நடுங்க வைக்கும். கிளாம்ப்பின் நாலு போல்ட்டையும் தளர்த்தி, பழைய இடத்தைச் சோக்கால் குறித்து, ஹேண்டிலை என் பக்கம் சில பாகை உருட்டினேன். பிடி ஏறக்குறைய இரண்டு விரற்கடை கிட்ட வந்தது. உருட்டிய பிறகு பார்க்க வேண்டியவை சில உண்டு. இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது ஹேண்டிலோ லீவரோ டாங்க்கில் படக்கூடாது. கிளட்ச் கேபிளும் எக்சிலேட்டர் கேபிளும் இழுபடக்கூடாது. எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். டிஸ்க் பிரேக்கின் ஹோஸ் முறுகக்கூடாது. கடைசியாக, ஹேண்டில் உருண்ட அளவுக்கு லீவர்களும் உருண்டிருக்கும். அவற்றைத் தளர்த்தி, உட்கார்ந்த நிலையில் முன்கையும் புறங்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி திரும்ப வைக்க வேண்டும்.

அடுத்தது கியர். மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேல் பருவக் காற்று எங்கள் பக்கத்தை நனைத்தெடுக்கும். அந்த மாதங்களில் கம்பூட்ஸ் (உயரமான ரப்பர் பூட்ஸ்) போடாமல் தோட்டப் பாதையில் இறங்க முடியாது. எஃப்இசட்டில் கியர் கூட்ட, விரல் நுனியைக் கியர் பெடலுக்கு அடியில் நுழைத்துத் தூக்க வேண்டும். கம்பூட்ஸின் தடித்த மூக்கு நுழையவே இல்லை. பெடலையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கம்பியின் இரு முனையிலும் உள்ள லொக் நட்டைத் தளர்த்திக் கம்பியைச் சுற்றினால் பெடல் உயரும். ஒரு முனையில் இடதுமரை இருக்கும், அந்த நட் எதிர்ப்பக்கமாகத்தான் கழலும். தெரியாமல் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். ஒரு விரல் அளவு உயர்த்தியதும் கம்பூட்ஸ் நுழைந்தது. சிடி100-ல் இந்தச் சிக்கலே கிடையாது. பெடல் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்; விரலால் ஒரு மிதி, குதிகாலால் ஒரு மிதி, அவ்வளவுதான். கம்பூட்ஸ் ஊருக்கென்றே செய்த மாதிரி.

இவ்வளவும் செய்த பிறகு எஃப்இசட் தனியாளாக ஓட்ட நன்றாகவே வந்தது. ரோட்டைக் கவ்விக்கொண்டு இறங்கியது, டிஸ்க் பிரேக்கை இரண்டு விரலால் பிடித்தாலே போதும். அப்போதுதான் மனைவியை ஏற்றிக்கொண்டு டிக்கோயா வரை போனேன். ஹட்டன் டவுன் தாண்டி முதல் இறக்கத்திலேயே முதுகில் தட்டினாள். "ஏங்க, இதுல ஒங்க மேலயே சரியிறேன். பிடிக்கவும் எடமில்ல, கால வைக்கவும் ஒசரமா இருக்கு."

அவள் சொன்னது அப்படியே உண்மை. பின்சீட் ஓட்டுநர் சீட்டைவிட உயரம், குட்டை, முன்பக்கம் சரிவு. பின் ஃபுட்ரெஸ்ட் மேலே இருப்பதால் முழங்கால் நெஞ்சை நோக்கி வருகிறது. இறக்கத்தில் அவளுடைய பாரமும் என் முதுகில் ஏறி, அங்கிருந்து என் கைக்கு வந்துவிடுகிறது. முழங்கால் பிடி கொடுத்த நன்மை அங்கேயே அழிந்தது. சேலையோடு ஒருக்களித்து உட்கார்வதற்கோ வழியே இல்லை. சிடி100-ன் சீட் நீளம், மட்டம். பின்னால் கரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்கிறாள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: சிடி100-ல் அச்சு இடைவெளி குறைவு. பின்னால் ஆளும் கரியரில் அரிசிப் பையும் இருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும். பையைக் கரியரிலிருந்து எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, பின் ஷொக்கை ஒரு கட்டம் கடினமாக்கினால் அது அடங்கும்.

மச்சான் 5 அடி 10 அங்குலம். அவரைச் சிடி100-ல் ஏற்றி அதே கொங்கிரீட் வளைவில் திருப்பச் சொன்னேன். ஹேண்டில் முனை அவருடைய முழங்காலில் போய் முட்டியது. "இது ஒங்க சைஸு மச்சான், எனக்கு ஆகாது" என்று இறங்கிவிட்டார். எஃப்இசட்டில் அவருக்குக் கால் எட்டுவதில் பிரச்சினையே இல்லை. அந்த பைக்கை அவர் ஆசையோடு வைத்திருந்ததன் நியாயம் எனக்கு அங்கே புரிந்தது.

எஃப்இசட்டை எடுக்கவில்லை. ஆனால் அது காட்டிக் கொடுத்ததைச் சிடி100-க்குக் கொண்டு வரலாம் என்று தோன்றியது, கொண்டு வந்தேன்.

முழங்கால் பிடிதான் முதல் வேலை. கம்பூட்ஸோடு உட்கார்ந்து, கால் ஃபுட்ரெஸ்டில் இருக்க, முழங்காலின் உட்பக்கம் டாங்க்கைத் தொட வேண்டிய இடத்தைச் சோக்கால் வட்டமிட்டேன். செருப்புத் தைக்கும் கடையில் கிடைக்கும் தடித்த ரப்பர் ஷீட்டை நீள்வட்டமாக வெட்டி, இரண்டு அடுக்காக ஒட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சரித்து, அதன் மேல் பழைய லொறி டியூப்பின் ரப்பரைப் போர்த்தினேன். டாங்க்கில் ஒட்டும் இடத்தைப் பெற்றோலால் துடைத்து மெழுகு போகச் செய்யாவிட்டால் எந்தப் பசையும் நிற்காது. பசை இரு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகுதான் அழுத்த வேண்டும். டியூப் ரப்பர் ஈரத்திலும் வழுக்காது, மழைக்கோட்டுத் துணியையும் பிடித்துக்கொள்ளும். ஒட்டும் முன் ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பி முழங்காலில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டேன்; எனக்குப் படவில்லை.

இரண்டாவது சீட். பல வருட பாரத்தில் ஸ்பாஞ்ச் முன்பக்கம் அமுங்கி, சீட் டாங்க்கை நோக்கிச் சரிந்துவிட்டிருந்தது. இறக்கத்தில் வழுக்குவதற்கு அதுவும் துணை. குஷன் கடைக்காரர் முழு ஸ்பாஞ்சையும் மாற்றச் சொன்னார். வேண்டாம், முன்பக்கம் மட்டும் கட்டி ஸ்பாஞ்ச் வைத்து மட்டமாக்குங்கள், ஆனால் இரு ஓரத்தையும் சரிவாகச் சீவிவிடுங்கள் என்றேன். முன்பக்கம் உயர்ந்தால் கால் எட்டுவது குறையும். ஓரம் ஒடுங்கினால் குறைந்தது திரும்பக் கிடைக்கும். வேலை முடிந்ததும் பலகைச் சோதனையைத் திரும்பச் செய்தேன், இரண்டு பலகையில் முன்பாதம் அப்படியே ஊன்றியது. கவரில் அலங்காரத் தையல் போடவே விடவில்லை. எங்கள் மழைக்குத் தையல் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, ஸ்பாஞ்ச் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். கவருக்கு அடியில் ஒரு தடித்த பொலிதீனும் போடச் சொன்னேன்.

மூன்றாவது முன் பிரேக். ட்ரம் பிரேக்கை நாலு விரலும் சேர்த்து அழுத்த வேண்டும், என் கையோ சிறியது. லீவர் விரிந்து நிற்கும் தூரத்தில் விரலுக்குப் பலம் வராது. புது பிரேக் ஷூ, புது கேபிள் போட்டு, கேபிளுக்குள் எண்ணெய் இறக்கி, பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடம் விரல் முக்கால்வாசி மடங்கிய இடத்துக்கு வரும்படி நட்டைச் சரிசெய்தேன். இதில் ஒரு எல்லை உண்டு. நீண்ட இறக்கத்தில் ட்ரம் சூடேறி விரியும், லீவர் வழக்கத்தைவிட உள்ளே வரும். வாசலில் சரியாகத் தெரிந்த அளவு கினிகத்தேனையில் ஹேண்டிலைத் தொட்டுவிடக்கூடும். அதனால் இறக்கம் முடிந்த இடத்தில், சூட்டோடு, லீவரை முழு பலத்தோடு அழுத்தி, ஹேண்டிலுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் இடமாவது மிஞ்சுகிறதா என்று பார்த்துத்தான் நட்டை முடிவாக இறுக்கினேன். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டு எஞ்சினை இழுத்துப் பிடிக்க வைப்பது எப்படியும் வேண்டும். எஃப்இசட்டில் எனக்கு ஆசை மிச்சமிருப்பது அந்த டிஸ்க் பிரேக்கின் மேல்தான், அதற்கு ஈடாக ட்ரம்மில் எதைச் செய்தாலும் வராது.

மணிக்கட்டுக் கடுப்பு முழுதாகப் போகவில்லை, பெரும்பகுதி போய்விட்டது. கித்துல்கலை வரை இறங்கினால் இப்போது முதலில் களைப்பது தொடை; அது தாங்கக்கூடிய தசை. மனைவி ஏறியிருக்கும் நாளிலும் அவள் கரியரைப் பிடித்துக்கொள்ள, நான் முழங்காலை இறுக்கிக்கொள்ள, கை ஸ்டியரிங் வேலைக்கும் பிரேக்குக்கும் மட்டும் மிஞ்சுகிறது.

எஃப்இசட்டை என்னோடு வேலை செய்யும் உயரமான ஆசிரியர் ஒருவர் எடுத்தார். கொடுக்கும் முன் ஹேண்டிலைச் சோக்குக் கோட்டுக்குத் திருப்பி வைத்தேன்; கியர் பெடலை மட்டும் உயர்ந்தபடியே விடச் சொன்னார், அவரும் கம்பூட்ஸ்காரர். சிடி100-ல் இடப்பக்க ரப்பரின் கீழ் ஓரம் சேறு பட்டுப் பட்டுக் கொஞ்சம் விட்டிருக்கிறது. வெயில் வரும் நாளில் கழற்றி, கீழ் ஓரத்தை இன்னும் மெலிதாகச் சரித்து ஒட்ட வேண்டும்.